டெம்பரரி தளவாய்

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் ஒரு இங்கிலீஷ் வார்த்தையும் கூடவே இறங்கிவிடும். டெம்பரரி. அருவிக்குப் போகிற பாதை நெடுக ஓலைச் சார்ப்பு போட்டு நேந்திரங்காய் வறுவல் விற்பார்கள், தேய்த்துக் குளிக்க எண்ணெய் விற்பார்கள். அதெல்லாம் டெம்பரரி கடை. இலஞ்சி ரோட்டில் ஓடைப் பாலம் இடிந்தபோது நாலு பனந்தடியைக் குறுக்கே போட்டு மண்ணை அள்ளிக் கொட்டினார்கள். அது டெம்பரரி பாலம். ஆறு வருஷம் அதன் மேலேதான் லாரி போச்சு. பெண்டாட்டி கோபித்துக்கொண்டு செங்கோட்டையில் ஆத்தா வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டால், "டெம்பரரியாத்தான் போயிருக்கா, வந்துருவா" என்பான் புருஷன். கைநாட்டு வைக்கிறவன்கூட அந்த வார்த்தையைப் பிசகில்லாமல் சொல்லுவான். அதனால் எவனுக்கும் ஒரு நட்டமும் கிடையாது.

ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் அது பேரோடு ஒட்டிக்கொண்டது. மேலகரத்துத் தளவாய். பேரருவியில் வாட்சர். தண்ணீர் கூடினால் விசில் அடித்து ஜனங்களைக் கரையேற்றுகிற வேலை. ஊரில் நாலு தளவாய் உண்டு. "எந்தத் தளவாய்வே?" என்று கேட்டால், "டெம்பரரி தளவாய்" என்றுதான் அடையாளம் சொல்லுவார்கள்.

1953 ஜூன் மாதம் வேலைக்குச் சேர்ந்தபோது அவனுக்கு வயது இருபத்தெட்டு. ஐந்தாம் வகுப்பு வரை படிப்பு. ஆபீஸில் ஒரு துண்டுத்தாளைக் கையில் கொடுத்தார்கள். இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. எண்பத்தொன்பது நாளைக்கு டெம்பரரி வாட்சர். தொண்ணூறு நாள் சேர்ந்தாற்போல ஒருத்தன் வேலை பார்த்துவிட்டால் அவன் பர்மனெண்ட் கேட்க வழி உண்டாம். அதனால் எண்பத்தொன்பதோடு சீட்டைக் கிழிப்பார்கள். தொண்ணூறாவது நாளுக்குப் பேர் பிரேக். அன்றைக்குத் தளவாய் வாட்சரும் இல்லை, ஆபீஸ் ஆளும் இல்லை. மறுநாள் புதுத் தாள், புது எண்பத்தொன்பது.

இந்தச் சட்டத்தை எழுதினவன் அருவியை வந்து பார்த்தவனில்லை. தொண்ணூறாவது நாளில் தண்ணீர் லீவு போடுமா? அதற்கு ஓவர்சியர் வல்லிநாயகம் பிள்ளை ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"தளவாய், நாளைக்குப் பிரேக்கு. காக்கிச் சட்டையை வீட்டில கழத்தி வச்சிட்டு வாரும். வேட்டி, துண்டு போதும். விசிலை மடியில சொருகிக்கிடும். ரிஜிஸ்டர்ல நீரு இல்ல. அருவியில இரும். யாராவது கேட்டா, குளிக்க வந்தேன்னு சொல்லும்."

முதல் தடவை தளவாய்க்கு இது வேடிக்கையாகத்தான் இருந்தது. நாலாவது தடவை வேடிக்கையாக இல்லை. பிறகு பழகிவிட்டது. வருஷத்தில் நாலு நாள் சட்டை இல்லாமல், பேர் இல்லாமல், அதே பாறையில் நின்று அதே தண்ணீரைப் பார்ப்பான். சாரல் முடிந்தால் ஐப்பசி மழை, அது ஓய்ந்தால் சபரிமலைக்கு மாலை போட்ட கூட்டம்; அருவி ஆள் இல்லாமல் இருந்த மாதம் கிடையாது. ஆக, சீசன் வேலை என்று பேரே தவிர, வருஷம் முழுக்க வேலைதான்.

வேலையை அவன் அரைகுறையாகப் பார்த்தவனில்லை. தண்ணீர் கூடுவது திடுதிப்பென்று வராது, அடையாளம் காட்டித்தான் வரும். முதலில் காய்ந்த சருகு வரும். அது தினமும் வருகிறதுதான், பயமில்லை. காம்போடு பிய்ந்த பச்சை இலை வந்தால் மேலே எங்கேயோ மரம் சாய்கிறது என்று அர்த்தம். அடுத்து ஈர மண் வாடை. அதற்குப் பிறகு அருவிச் சத்தத்துக்குள்ளே கூழாங்கல் உருளுகிற கரகரப்பு. கல் சத்தம் கேட்டபின் எண்ணி இருநூறு எண்ணுவதற்குள் எல்லாரும் கரையில் இருக்கவேண்டும். இதை அவனுக்கு எவனும் சொல்லிக் கொடுக்கவில்லை. நின்று நின்று தெரிந்துகொண்டான்.

வீட்டில் மாரித்தாய்க்கு இந்தப் பெருமை எல்லாம் எடுபடாது.

"எங்க அண்ணன் போலீஸ்ல சேந்த மறுவருஷம் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளையும் சர்க்கார் சம்பளம்னு சொல்லித்தான் எங்கய்யாவை ஏமாத்தினாவ. இப்ப சந்தையில, 'டெம்பரரி பொண்டாட்டி போறா'ங்கான். என்னையும் சேத்துல்லா டெம்பரரி ஆக்கிட்டிய."

"ஏட்டி, உன்னை எவன் கழத்தி விட்டான்? பதினொரு வருஷமா நீ பர்மனெண்ட்டுதான்."

"எனக்குத் தாள் ஒண்ணும் தரலியே" என்பாள் அவள். சிரிப்பாள் என்றாலும் சொல்வது சொல்வதுதான்.

ஆபீஸில் டைப் அடிக்கிறவர் காந்திமதிநாதன். தென்காசியில் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. அவரிடம் தலையணை தண்டிக்கு ஒரு டிக்‌ஷனரி உண்டு. ஒரு நாள் புதுத் தாளை வாங்கும்போது தளவாய் கேட்டுவிட்டான்.

"அண்ணாச்சி, வருஷத்துக்கு நாலு தடவை இந்த வார்த்தையை அடிச்சித் தாரிய. இதுக்கு மூலம் என்ன? எவன் கண்டுபிடிச்சான்?"

காந்திமதிநாதனுக்கு இப்படி யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்திருக்கும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு புஸ்தகத்தைப் புரட்டினார்.

"இங்கிலீஷ்காரன் சொந்தச் சரக்கு இல்லவே இது. ரோமாபுரியில பேசின லத்தீன் பாஷை. அதுல டெம்பஸ்னா காலம். அதிலேர்ந்து வந்தது. கொஞ்ச காலத்துக்கு மட்டும் நிக்கிறது டெம்பரரி."

"கொஞ்ச காலம்னா எம்புட்டு?"

அவர் இன்னொரு தடவை விரலை வைத்துப் படித்துப் பார்த்தார். "அது போடல."

"பர்மனெண்ட்டு?"

"அதுவும் அந்த ஊர் வார்த்தைதான். கடைசி மட்டும் தங்கிக் கிடக்கிறதுன்னு அர்த்தம்."

"ரோமாபுரிக்காரன் ரெண்டையும் அவன் ஊரிலேயே வச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தளவாய் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

1964-இல்தான் காற்று கொஞ்சம் மாறி அடித்தது. பத்து வருஷத்துக்கு மேல் டெம்பரரியாக இருக்கிறவர்கள் பேரைக் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. பர்மனெண்ட் ஆக்கப் போகிறார்களாம். நாற்பது வயதுக்குள் இருக்கவேண்டும், ஒரு கரும்புள்ளி இருக்கக்கூடாது. தளவாய்க்கு முப்பத்தொன்பது. இந்த வருஷம் விட்டால் பிறகு கிடையாது. வல்லிநாயகம் பிள்ளை பட்டியல் எழுதினார். தளவாய் பேர் முதல் பேர். ஆவணி பிறந்ததும் உத்தரவு வந்துவிடும் என்றார். மாரித்தாய் காக்கிச் சட்டையை இரண்டு நாளைக்கு ஒருதரம் துவைத்துப் போட ஆரம்பித்தாள்.

ஜூலை பத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை. ஆடிச் சாரல். தொண்ணூறாவது நாளும் அன்றைக்குத்தான் வந்து விழுந்தது.

"அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் முட்டும். அன்னைக்காவது சட்டை போட்டுக்கிடுதேனே" என்று முந்தின நாளே கேட்டான் தளவாய்.

"பட்டியல் போயிருக்க நேரம்வே. எவனாவது பாத்து, பிரேக் நாள்ல சட்டையோட நின்னான்னு எழுதிப் போட்டாம்னா உம்ம சோலியும் போச்சு, என் சோலியும் போச்சு. ஒரு நாள்தானே?"

ஒரு நாள்தான். சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு வந்தான்.

பகல் பதினோரு மணி இருக்கும். ஆண்கள் பக்கம் தலை தலையாகத் தெரிந்தது. பெண்கள் பக்கம் அதற்கு மேல். உச்சியில் மேகம் இறங்கி மலையைக் காணோம். தளவாய் வழக்கமான பாறையில் துண்டைத் தோளில் போட்டு நின்றான். காலடியில் ஒரு இலை வந்து ஒதுங்கியது. எடுத்துப் பார்த்தான். பச்சை. காம்பில் பால் வடிந்துகொண்டிருந்தது.

அடுத்த இலைக்கு அவன் காத்திருக்கவில்லை. மடியிலிருந்து விசிலை எடுத்து ஊதினான். மூன்று நீள ஊதல். அருவிக்கு வந்து பழகின ஜனங்களுக்கு அதற்கு அர்த்தம் தெரியும். பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். சட்டை இல்லாத ஒருத்தன் விசில் அடிக்கிறான். சிலர் சிரித்தார்கள். ஒருத்தன் பதிலுக்கு வாயில் விரலை வைத்துச் சீழ்க்கை அடித்தான்.

"ஏறுங்கய்யா! தண்ணி வருது! ஏறுங்க!"

உள்ளூர் ஆட்கள் உடனே நகர்ந்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் கொஞ்சம் பேர். தளவாய் பெண்கள் பக்கம் ஓடினான். அங்கே போகிற வழக்கம் அவனுக்கு இல்லை. வெளியே நின்றுதான் கத்துவான். அன்றைக்கு உள்ளேயே போய்விட்டான். "எவன்டா இவன்?" என்று நாலு பெண்கள் கத்தினார்கள். மண் வாடை மூக்கில் ஏறிவிட்டது. தென்காசி ஜன்னத், வறுவல் கடை முகம்மது மீரானின் பெண்டாட்டி, அவனை அடையாளம் தெரிந்துகொண்டு, "ஏளா, இவுக அருவி வாட்சரு! ஏறுங்கட்டி!" என்று கத்தி, பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்து இழுத்தாள். அதன் பின்தான் அங்கே ஆள் கலைந்தது. வழுக்கி விழுந்த ஜன்னத்தைத் தளவாய்தான் முடியைப் பிடித்துத் தூக்கிக் கரையில் போட்டான்.

திரும்ப ஆண்கள் பக்கம் வந்தபோது கல் உருளுகிற சத்தம் கேட்டுவிட்டது. ஆறேழு பேர் இன்னும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆறு பேரை இழுத்து விட்டான். கடைசி ஆள் நல்ல வாட்டசாட்டம். உடம்பெல்லாம் எண்ணெய். பிடித்தால் வழுக்கியது. வெளியூர்க்காரர், விருதுநகர்ப் பக்கம் என்று பிறகு சொன்னார்கள்.

"ஐயா, ஏறும்! ஏறும்!"

அந்த ஆள் முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீ யாருய்யா?"

 வாட்சர் என்று சொல்லத் தளவாய்க்கு நாக்கு எழுந்தது, நின்றது. இன்றைக்கு யார் கேட்டாலும் குளிக்க வந்தேன் என்று சொல்லவேண்டும். பதினொரு வருஷப் பழக்கம். அரை மூச்சு நேரம். அதற்கு மேலே இல்லை.

"நீ யாரு என்னைக் கையைப் பிடிச்சி இழுக்க?" என்று அந்த ஆள் கையை உதறினார்.

தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்து இறங்கியது. தளவாய் கம்பியில் தோளை மாட்டிக்கொண்டான். கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் யாரும் இல்லை. இரண்டு பர்லாங் தள்ளி, சிற்றாற்றில் பாறை இடுக்கில் அந்த ஆளை எடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் தளவாய் வீட்டுக்கு வந்து கொடியில் கிடந்த சட்டையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.  தோளில் கம்பி அழுத்தின இடம் கன்றிக் கிடந்தது. மாரித்தாய் எண்ணெய் போட்டாள்.

மறுநாள் காலையில் வல்லிநாயகம் பிள்ளையே மேலகரத்துக்கு வந்தார். சைக்கிள் பின்னால் துணியில் சுற்றின ரிஜிஸ்டர். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"தளவாய், வியாழக்கிழமை விசாரணை. திருநெல்வேலியிலேர்ந்து ஆபீசர் வாராரு. ஞாயித்துக்கிழமை, சீசன், அருவிக்கு வாட்சர் போடலைன்னா என் கழுத்துல கத்தி. ரிஜிஸ்டர்ல பிரேக்குன்னு நான் இன்னும் கோடு போடல. கட்டம் காலியாத்தான் கிடக்கு." பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். "இங்கன ஒரு கையெழுத்துப் போடும். நீரு டியூட்டியில இருந்தீரு. அம்புட்டுதான்."

"இருந்தேனே" என்றான் தளவாய்.

"அதைத்தான் சொல்லுதேன். இருந்தீரு. அதுல இன்னொண்ணும் இருக்கு. இந்த நாள்ல கையெழுத்து விழுந்தா பிரேக்கு போச்சி. தொண்ணூறு நாள் முழுசாச்சி. பட்டியல்ல உம்ம பேரை எவனும் அசைக்க முடியாது." குரலைத் தணித்தார். "ஒண்ணே ஒண்ணு. சட்டை போட்டிருந்தேன்னு சொல்லணும். சட்டை இல்லாம உம்மை நிறுத்தினேன்னு தெரிஞ்சா எனக்கு வேலை இல்ல."

"யோசிச்சிச் சொல்லுதேன், அண்ணாச்சி."

"யோசிக்க என்ன இருக்கு? நாளைக்கு வாரேன்." சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

யோசிக்க நிறைய இருந்தது. அன்று சாயங்காலமே தென்காசிக்கு நடந்து போய்க் காந்திமதிநாதன் வீட்டுக் கதவைத் தட்டினான். அவர் கேட்டுவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"மடத்தனம் பண்ணிராதேயும். கையெழுத்துப் போட்டீர்னா டியூட்டி வாட்சர் நீரு. சட்டையோட நின்ன டியூட்டி வாட்சர் இருக்கும்போது ஒருத்தன் செத்திருக்கான். நேரத்துக்கு விசில் அடிக்கலைன்னு ஓவர்சியரே எழுதுவாரு. கேஸ் உம்ம தலையில. ஜெயில்வே!"

"கையெழுத்துப் போடலைன்னா?"

"ரிக்கார்டுல நீரு இல்ல. உம்மை எவனும் தொட முடியாது. குளிக்க வந்த ஆளு, நாலு பேரைக் காப்பாத்தினான்னு மாலை போட்டாலும் போடுவான். டெம்பரரிங்கிறதுல இத்தனை வருஷத்துல உமக்கு ஆன ஒரே லாபம் இதுதான். அதை விட்டுராதேயும்."

"டெம்பரரியாவே இருக்கணும்."

"வெளியில இருக்கலாம்லா?"

ஓவர்சியர் மறுநாளும் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். இரண்டு தடவையும் தளவாய் புழக்கடை வழியாகப் போய்த் தோப்பில் உட்கார்ந்திருந்தான். மாரித்தாய்தான் வாசலில் நின்று, "அவுக இல்ல, எங்க போனாவளோ" என்று பொய் சொன்னாள். இரண்டாம் தடவை பிள்ளை சத்தம் போட்டார்: "இந்தா தாயி, அவன்ட்ட சொல்லு. எனக்குக் கெடுதல் நினைச்சாம்னா அடுத்த தாளு அவனுக்குக் கிடையாது!"

அவர் போனபின் அவள் தோப்புக்கு வந்தாள்.

"நான் ஒண்ணு கேக்கட்டா? செத்த ஆளு உங்ககிட்ட என்ன கேட்டாரு? ராத்திரி எல்லாம் பொலம்புதிய."

"நீ யாருன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னிய?"

"ஒண்ணும் சொல்லலட்டி. சொல்ல வரல."

 "எனக்கு ஜெயிலுக்குப் போன புருஷனும் வேண்டாம். இப்படிப் பொழக்கடையில ஒளியுத புருஷனும் வேண்டாம். நடுவுல என்ன இருக்குன்னு நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டு மாரித்தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலையில் அவள் சட்டையை எடுத்து நீட்டினாள். தளவாய் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தான்.

விசாரணை குற்றாலம் பங்களாவில். மேசைக்குப் பின்னால் ஆபீசர், ஒல்லியான மனுஷன், மூக்குக் கண்ணாடி. பக்கத்தில் எழுதுகிறதற்குக் காந்திமதிநாதன். சுவரோரம் வல்லிநாயகம் பிள்ளை; முகத்தில் மூன்று நாள் தாடி. வெளியே வராந்தாவில் சாட்சி சொல்ல வந்தவர்கள். ஜன்னத் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மீரானோடு நின்றாள்.

தளவாயைக் கூப்பிட்டார்கள். மேசையில் ரிஜிஸ்டர் விரித்துக் கிடந்தது. பத்தொன்பதாம் தேதிக் கட்டம் அப்போதும் வெள்ளையாகத்தான் இருந்தது.

ஆபீசர் நிமிர்ந்து பார்த்தார். "நீ யாரப்பா?"

காந்திமதிநாதன் பேனாவை நிறுத்திவிட்டுத் தளவாயைப் பார்த்தார். பிள்ளையும் பார்த்தார். இரண்டு பேர் கண்ணும் இரண்டு திசைக்கு இழுத்தது. வெளியே சாரல் ஓட்டில் விழுகிற சத்தம் கேட்டது. தளவாய்க்கு எண்ணெய் வழிகிற அந்த முகம் வந்து நின்றது.

"அருவி வாட்சர், ஐயா" என்றான்.

"ஞாயிற்றுக்கிழமை நீ டியூட்டியிலே இருந்தாயா?"

"இருந்தேன்."

பிள்ளை மூச்சு விட்டது தெரிந்தது. காந்திமதிநாதன் தலையைக் குனிந்துகொண்டார்.

"விசில் அடிச்சியா?"

"பச்சை இலையைப் பாத்ததுமே அடிச்சேன். மூணு தரம். முக்காவாசிப் பேரு ஏறலை."

"ஏன் ஏறலை?"

தளவாய் கக்கத்தில் இருந்த சட்டையை எடுத்து ரிஜிஸ்டருக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இது என் உடம்புல இல்ல. சட்டை இல்லாதவன் விசில் அடிச்சா எவன் கேப்பான்? அன்னைக்கு எனக்குப் பிரேக்கு. தொண்ணூறாவது நாளு. தொண்ணூறாவது நாள்ல சட்டை போடக்கூடாது, யாரு கேட்டாலும் குளிக்க வந்தேன்னு சொல்லணும். செத்தவரு என்னைக் கேட்டாரு, ஐயா. நீ யாருன்னு கேட்டாரு. நான் முழிச்சேன். வாட்சர்னு அந்நேரமே சொல்லியிருந்தா அவரு ஏறியிருப்பாரோ என்னமோ. அந்த அரை மூச்சு நேரம் என்னைச் சேந்தது. மத்தது என்னைச் சேந்ததில்ல."

"இது ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடந்ததா?"

"பதினொரு வருஷமா, வருஷத்துக்கு நாலு தரம். எல்லாத் தாளும் வீட்டுல இருக்கு. எந்தப் பிரேக்குலயும் நான் வராம இருந்ததில்ல."

பிள்ளை ஏதோ சொல்ல வந்தார். ஆபீசர் கையைக் காட்டினார்.  ஆபீசர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதைச் சொன்னா உனக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"ஜெயிலு ஆகலாம். வேலை போகலாம். தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்றே?"

"இருந்தேன்லா, ஐயா."

ஆபீசர் ரிஜிஸ்டரைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினார். "கையெழுத்துப் போடு."

தளவாய் போட்டான். அடியில் ஆபீசர் தன் கையெழுத்தும் தேதியும் போட்டார்.

அடுத்து ஜன்னத்தைக் கூப்பிட்டார்கள். அவள் வாசலிலேயே நின்று மொத்தத்தையும் கொட்டிவிட்டாள். "இவுக விசில் அடிச்சாவ, நாங்கதான் சிரிச்சோம். என் முடியைப் பிடிச்சுத்தான் இழுத்தாவ, இன்னும் வலிக்கி. இவுகளை ஜெயில்ல போட்டா, சிரிச்ச அம்புட்டுப் பேரையும் சேத்துப் போடுங்க." மீரான், "ஏ, மெதுவாப் பேசு" என்று அவள் முழங்கையைப் பிடித்தான். அவள் கேட்கவில்லை.

அதோடு தளவாய்க்கு வேலை நின்றது. பிரேக்குக்கு மறுநாளே வந்திருக்கவேண்டிய தாள் அதன் பிறகும் வரவில்லை. ஆபீஸில் கேட்டால், மேலிடத்தில் இருக்கிறது என்றார்கள். ஓவர்சியரை வேறு ஊருக்குத் தூக்கிவிட்டார்கள். போகிற அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் தளவாயைப் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தான். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "நான் உமக்குக் கெடுதல் நினைக்கலவே. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு" என்றார். தளவாய் பெட்டியைத் தூக்கி பஸ்ஸுக்கு மேலே ஏற்றிக் கொடுத்தான்.

ஆவணி போச்சு. புரட்டாசி போச்சு. போலீஸ்காரர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து வாக்குமூலம் எழுதிக்கொண்டு போனார். ஒவ்வொரு தடவையும் மாரித்தாய் கதவுக்குப் பின்னால் நின்றாள். அவன் தோப்பு வேலைக்குப் போனான். புளியறையில் லாரிக்கு மூட்டை ஏற்றினான். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் சாரல் வாடை அடித்தால் எழுந்து வாசலில் நின்று மலையைப் பார்ப்பான். அருவியில் இப்போது யார் நிற்கிறார்களோ, பச்சை இலையை அவனுக்குத் தெரியுமோ தெரியாதோ.

ஐப்பசி கடைசியில் காந்திமதிநாதன் சைக்கிளில் வந்து இறங்கினார். மூச்சு வாங்கியது. கையில் நீளக் கவர்.

"வே, தளவாய்! இங்கன வாரும். மாரித்தாயி, நீயும் வாம்மா."

கவருக்குள் இரண்டு தாள் இருந்தது; முதல் தாளைப் பிரித்துப் படித்துச் சொன்னார். பேரருவி வாட்சர் தளவாய், 1964 ஜூலை பத்தொன்பதாம் தேதி முதல் பர்மனெண்ட்.

தளவாய் தாளை வாங்கிப் பார்த்தான். இத்தனை வருஷமாகக் கண்ணுக்குப் பழகிப்போன வார்த்தை அதில் இல்லை. அது இருக்கிற இடத்தில் வேறொன்று இருந்தது, அதே நீளம்.

"பத்தொன்பதா? அது பிரேக்கு நாள்லா?"

"அந்த நாள்தான். நீரு கையெழுத்துப் போட்ட கட்டம். அதுதான் உம்ம சர்வீஸ்ல முத நாளு."

"அதுக்கு முன்னால பதினொரு வருஷம்?" என்று கேட்டாள் மாரித்தாய்.

காந்திமதிநாதன் தாடையைச் சொறிந்தார்.

"இன்னொரு தாளு என்ன அண்ணாச்சி?" என்றான் தளவாய்.

"அது சர்வீஸ் புஸ்தகத்துல முத பக்கத்துல ஒட்டப் போற தாளு. எச்சரிக்கை. ஜூலை பத்தொன்பதாம் தேதி உடுப்பு இல்லாம டியூட்டி பாத்ததுக்கு."

மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். முதலில் மாரித்தாய்க்குத்தான் சிரிப்பு வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அது அழுகையாகிவிட்டது. தளவாய் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

"செத்தவரைப் பத்தி?"

"விபத்துன்னு முடிச்சிட்டாங்க."

அவன் தலையை ஆட்டினான். அந்த இடத்தில் என்ன எழுதியிருந்தாலும் அவனுக்குச் சரியாக இருந்திருக்காது.

மறுநாள் அருவிக்குப் போனான். மழை கொட்டினது கொட்டினபடி. காக்கிச் சட்டைக்குக் கழுத்துப் பொத்தானையும் போட்டிருந்தான். அது அவனுக்கு எப்போதும் இறுக்கும், அன்றைக்கும் இறுக்கியது. வழியில் மீரான் கடையில் இருந்து, "என்ன டெம்பரரி அண்ணாச்சி, வந்தாச்சா?" என்று கேட்டான். ஜன்னத் உள்ளேயிருந்து, "இனிமே அப்படிக் கூப்பிடக்கூடாது" என்று ஒரு அதட்டு அதட்டினாள். அவன் விடவில்லை. ஊரும் விடவில்லை. பிறகு பத்தொன்பது வருஷம் பர்மனெண்ட்டாக இருந்து ஓய்வு பெற்றபோதும் அவன் டெம்பரரி தளவாய்தான்.

பாறையில் ஏறி நின்றான். கூட்டம் அதிகமில்லை, பத்துப் பதினைந்து பேர். காலடியில் சருகு வந்தது, போனது. பிறகு ஒரு பச்சை இலை வந்து அவன் கால்விரலில் ஒட்டியது. விசிலை எடுத்து ஊதினான். எல்லாரும் நகர்ந்தார்கள், தடித்த ஒரு ஆளைத் தவிர. அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்து, ஏதோ கேட்க வாயைத் திறந்தான்.

"வாட்சர்" என்றான் தளவாய், அவன் கேட்பதற்கு முன்னாலேயே. "ஏறும்வே மேல."

அந்த ஆள் ஏறினான்.